கம்பனிகள் ஒன்றாயின, தொழிலாளர் இரண்டாயினர்

(தொழிற்சங்க வகுப்பொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இங்கிருந்து பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் நிகழ்ந்த ஒரு தகராறு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2005ஆம் ஆண்டு இரண்டு விமானக் கம்பனிகள் இணைந்து ஒரே கம்பனியாயின. பெயர்ப் பலகைகள் மாறின. விமானங்களுக்குப் புது வர்ணம் பூசப்பட்டது. பங்குதாரர் கணக்குத் தீர்ந்தது. ஆனால் அந்த விமானங்களை ஓட்டிய விமானிகள் எல்லோரும் ஒரே பட்டியலில் இடம்பெறுவதற்குப் பதினொரு ஆண்டுகள் சென்றன. அந்தப் பதினொரு ஆண்டுகளின் கதையையே நாம் இன்று சொல்லப் போகின்றோம்.

"ஆகாயத்திற் பறப்பவர்களின் சண்டை நமக்கெதற்கு?" என்று சிலர் கேட்கலாம். விமானியின் சம்பளம் பெரிது. அவர் தோளிலே பொற்பட்டை அணிந்தவர். அவரைத் தொழிலாளியென்று எண்ண நம்மிற் பலருக்கு மனம் இசைவதில்லை. எனினும் பிறருடைய கம்பனியில், பிறர் வகுக்கும் நேரத்தில், பிறர் கொடுக்கும் கூலிக்கு உழைப்பவர் எவராயினும் அவர் தொழிலாளியே. மேலும், சேவை மூப்பு என்னும் பிரச்சினை விமானிகளுக்கு மட்டும் உரியதன்று. கந்தோரில் இருக்கும் இலிகிதருக்கும், பஸ் சாரதிக்கும், ஆஸ்பத்திரித் தாதிக்கும் அது உயிர்ப் பிரச்சினை. விமானிகளிடத்தில் அது கூர்மையடைந்து நிற்கின்றது. ஆகவே அவர்களுடைய வரலாற்றிலே அதைத் தெளிவாகக் காணலாம்.

முதலில் விமானியின் சேவை மூப்பு என்றால் என்னவென்று பார்ப்போம்.

அமெரிக்காவின் பெரிய விமானக் கம்பனிகளிற் சேரும் ஒவ்வொரு விமானிக்கும் ஓர் இலக்கம் உண்டு. முதலிற் சேர்ந்தவர் முன்னே, பிந்திச் சேர்ந்தவர் பின்னே. அந்த இலக்கமே அவருடைய வாழ்வை நிர்ணயிக்கின்றது. அவர் கப்டனாக இருப்பாரா, துணை விமானியாக இருப்பாரா? கடல் கடந்து செல்லும் பெரிய விமானத்தை ஓட்டுவாரா, உள்நாட்டிற் பறக்கும் சிறிய விமானத்தை ஓட்டுவாரா? எந்த நகரத்தில் இருந்து வேலை செய்வார்? இம்மாதம் எந்த நாட்களில் அவருக்கு ஓய்வு? பண்டிகைக் காலத்தில் பிள்ளைகளோடு வீட்டில் இருப்பாரா, அந்நிய நகரத்து ஹோட்டலில் இருப்பாரா? இவ்வளவும் அந்த இலக்கத்தைப் பொறுத்தவை. விமானம் பெரிதானால் சம்பளமும் பெரிது. கப்டனானால் இன்னும் பெரிது. ஆட்குறைப்பு வந்தாலோ, பட்டியலின் அடியிலிருந்து ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்புவார்கள். நிலைமை சீரடைந்து திரும்ப அழைக்கும்போது மேலிருந்து அழைப்பார்கள்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. ஒரு கம்பனியில் இருபது ஆண்டு உழைத்த கப்டன் அதை விட்டு வேறு கம்பனிக்குச் சென்றால், அங்கே நேற்றுச் சேர்ந்த இளைஞனுக்குப் பின்னே கடைசி ஆளாக நிற்க வேண்டும். அவர் பறந்த மணித்தியாலங்கள் அவரோடு செல்லும், மூப்பு செல்லாது. தச்சன் தன் உளியை எடுத்துக்கொண்டு எந்தப் பட்டறைக்கும் போகலாம். விமானி தன் கம்பனியோடு கட்டுண்டவர். அது மிதந்தால் அவர் மிதப்பார். அது அமிழ்ந்தால் அவரும் அமிழ்வார்.

இத்தகைய ஏற்பாட்டைத் தொழிலாளர் ஏன் விரும்பிப் பெற்றனர்? முதலாளியின் முகத்தாட்சண்யத்தை ஒழிப்பதற்காகவே பெற்றனர். இன்னார் என் உறவினன், இன்னார் என் சொற்படி நடப்பவன், இன்னார் சங்கத்திற் சேராதவன் என்று பார்த்துப் பதவி கொடுக்க நிர்வாகத்தால் முடியாது. புயலைக் கண்டோ, யந்திரத்திற் பழுதைக் கண்டோ, "இந்த விமானத்தை எடுக்கமாட்டேன்" என்று ஒரு கப்டன் மறுத்தால், அதற்காக அவருடைய அடுத்த பதவி உயர்வு பறிபோகாது. ஆகவே சேவை மூப்பு தொழிலாளியின் கேடயம். பிரயாணிகளுக்கும் அது ஒரு காவல்.

ஆனால், தோழர்களே, அந்தக் கேடயத்தில் ஒரு கீறல் உண்டு. ஒரு கம்பனிக்குள்ளே அது ஒழுங்காக வேலை செய்யும். இரு கம்பனிகள் ஒன்றாகும்போதோ, இரு வரிசைகளை ஒரு வரிசையாக்க வேண்டும். அப்போது யார் முன்னே, யார் பின்னே என்பதற்குச் சேவை மூப்பு தானாக விடை சொல்லாது.

ஓர் உதாரணத்தை மனதிற் கொள்வோம். முதலாவது கம்பனியில் இருநூறு விமானிகள். அது தேய்ந்துகொண்டு வரும் கம்பனி. அதன் நூறாவது விமானி பதினெட்டு ஆண்டு சேவை செய்தும் இன்னும் துணை விமானியாகவே இருக்கிறார். இரண்டாவது கம்பனியில் நூறு விமானிகள். அது வளர்ந்து வரும் கம்பனி. அதன் ஐம்பதாவது விமானி ஆறு ஆண்டுகளிலேயே கப்டனாகிவிட்டார். இவ்விருவரையும் எவ்வாறு நிறுத்துவது?

சேர்ந்த தேதியைப் பார்த்தால் முதலாமவர் பன்னிரண்டு ஆண்டு மூத்தவர். இரண்டாமவர் அவருக்கு வெகு தூரம் பின்னே தள்ளப்படுவார். கப்டன் பதவியையும் இழக்கக்கூடும். வரிசையில் அவரவர் வகித்த நிலையைப் பார்த்தால் இருவரும் தத்தம் பட்டியலின் நடுவில் நிற்பவர். ஆகவே பக்கத்திற் பக்கமாக நிற்க வேண்டும். அப்போது முதலாமவர், "பன்னிரண்டு ஆண்டு உழைப்பு எங்கே போயிற்று?" என்று கேட்பார். இரண்டாமவரோ, "உங்கள் கம்பனி தேய்ந்ததற்கு என் பதவியா விலை?" என்று கேட்பார். இரண்டு கேள்வியிலும் நியாயம் உண்டு. ஒருவர் நியாயவாதி, மற்றவர் அநியாயக்காரர் என்று சொல்லிவிட்டால் நமது வேலை இலகுவாகிவிடும். உண்மை அவ்வளவு இலகுவானதன்று.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. அது பலம் படைத்தவனுடைய வழி. வாங்கிய கம்பனியின் ஆட்கள் எல்லோரும் மேலே. வாங்கப்பட்ட கம்பனியின் ஆட்கள் பட்டியலின் வாலிலே. இதுவும் நடந்தது.

2001ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்கன் எயார்லைன்ஸ், வங்குரோத்தில் விழுந்திருந்த ரி. டபிள்யூ. ஏ. என்னும் புகழ்பெற்ற பழைய கம்பனியின் உடைமைகளை வாங்கியது. ரி. டபிள்யூ. ஏ. விமானிகள் ஏறத்தாழ 2,300 பேர். கம்பனிகள் இணைந்தால் மூப்புப் பட்டியலை நடுநிலையான மத்தியஸ்தத்துக்கு விடவேண்டும் என்ற பாதுகாப்பு அவர்களுடைய ஒப்பந்தத்தில் இருந்தது. வங்குரோத்து நீதிமன்றத்தின் நிழலில், "இதை விட்டுக்கொடாவிட்டால் கம்பனியை வாங்குவாரில்லை" என்ற நெருக்குதலில், அந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுத்தனர். பின்பு வந்த பட்டியலில் அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் அடியிலே வைக்கப்பட்டனர். விமானப் பணிப்பெண்களின் கதி இன்னும் மோசம். அவர்கள் அனைவரும் வாலிற் கட்டப்பட்டனர். அதே ஆண்டு செப்டெம்பர் 11ஆம் தேதி நிகழ்ந்த தாக்குதலுக்குப் பின் விமானத் தொழில் சரிந்தது. ஆட்குறைப்பு அடியிலிருந்து தொடங்கியது. அடியில் இருந்தவர் யார் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

அந்த விமானிகள் தமக்காகப் பேசவேண்டிய விமானிகள் சங்கத்தின் மீதே வழக்குத் தொடுத்தனர். அமெரிக்கன் எயார்லைன்ஸின் பெருந்தொகை விமானிகளைத் தன் பக்கம் சேர்க்கும் ஆசையால் எங்களைக் கைவிட்டது என்பதே குற்றச்சாட்டு. 2011ஆம் ஆண்டு நியூ ஜேர்சியில் யூரிமார் அவர்கள் பக்கம் தீர்ப்புக் கூறினர். 2014இல் 530 இலட்சம் டொலருக்கு வழக்குச் சமாதானமாயிற்று. பணம் வந்தது, போன இலக்கம் வரவில்லை.

ரி. டபிள்யூ. ஏ. தொழிலாளர் பலர் மிசூரி மாநிலத்தவர். அம்மாநிலத்தின் செனற்றர்கள் இருவர், மக்காஸ்கில் என்பவரும் பொண்ட் என்பவரும், எதிரெதிர்க் கட்சிகளைச் சேர்ந்தவர்களாயினும் ஒன்றுபட்டு 2007 டிசெம்பரில் ஒரு சட்டத்தை நிறைவேற்றுவித்தனர். விமானக் கம்பனிகள் இணையும்போது மூப்புப் பட்டியல் நியாயமாகவும் ஒப்புரவாகவும் அமையவேண்டும். இணக்கம் காணாவிடின் மத்தியஸ்தத்துக்குச் செல்லவேண்டும் என்பது அதன் சாரம். இந்த விதி, 1972இல் அலகெனி, மோஹோக் என்ற இரு கம்பனிகள் இணைந்தபோது அரசாங்க சபை விதித்த நிபந்தனைகளிலிருந்து எடுக்கப்பட்டது. அந்த அலகெனிக் கம்பனியே பிற்காலத்திற் பெயர் மாறி யூ. எஸ். எயார்வேஸ் ஆயிற்று. நமது கதையின் நாயகமான கம்பனி அதுவே.

இப்போது 2005ஆம் ஆண்டுக்கு வருவோம்.

யூ. எஸ். எயார்வேஸ் கிழக்குக் கரையின் கம்பனி. பிலடெல்பியா, பிட்ஸ்பர்க், சார்லட் ஆகிய நகரங்கள் அதன் கேந்திரங்கள். அது 2002இல் ஒரு முறையும் 2004இல் மறுமுறையும் வங்குரோத்து நீதிமன்றத்தின் படியேறியது. அதன் விமானிகள் சம்பளத்தை வெட்டிக் கொடுத்தனர். மீண்டும் வெட்டிக் கொடுத்தனர். 2003இல் அவர்களுடைய இளைப்பாற்றுச் சம்பளத் திட்டமே முடிக்கப்பட்டது. விமானிகள் ஏறத்தாழ 5,100 பேரில் 1,700 பேர் வேலையின்றி வீட்டில் இருந்தனர். பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட மூப்புடையவரும் அவர்களில் இருந்தனர். அமெரிக்கா வெஸ்ட் மேற்கே அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரைக் கேந்திரமாகக் கொண்ட இளைய கம்பனி. அதன் விமானிகள் ஏறத்தாழ 1,900 பேர். அவர்களுடைய சேவைக் காலம் குறுகியது. ஆனால் அவர்கள் வேலையில் இருந்தனர். இவ்விரு கம்பனிகளும் 2005 செப்டெம்பரில் இணைந்தன. பெயர் கிழக்கினுடையது, நிர்வாகம் மேற்கிலிருந்து வந்தது.

கிழக்கு விமானிகள் சொன்னதைக் கேளுங்கள்: "நாங்கள் முன்னே சேர்ந்தவர்கள். எங்கள் இளைப்பாற்றுச் சம்பளம் போயிற்று. எங்கள் ஊதியம் போயிற்று. எங்களிடம் மிஞ்சியிருப்பது சேர்ந்த தேதி ஒன்றே. அதையும் பறிப்பீர்களோ?" மேற்கு விமானிகள் சொன்னதையும் கேளுங்கள்: "உங்கள் கம்பனி மூழ்கிக்கொண்டிருந்தது. எங்கள் கம்பனி கை கொடுத்ததாலேயே அது பிழைத்தது. நாங்கள் வேலையில் இருந்தோம். உங்களில் 1,700 பேர் வேலையில் இல்லை. வேலையில்லாதவர் ஒருவர் வந்து எங்கள் கப்டன் ஆசனத்தில் இருப்பது எந்த நியாயம்?"

இரு பகுதியாரும் அப்போது ஒரே சங்கத்தின் அங்கத்தவர்கள். இத்தகைய சமயத்துக்கென்றே அச்சங்கம் ஒரு விதியை வகுத்திருந்தது. முதலிற் பேச்சுவார்த்தை, பின்பு சமரசம், அதுவும் தோற்றால் மத்தியஸ்தர் தீர்ப்பு, அது இறுதியானது, இரு பகுதியையும் கட்டுப்படுத்துவது. இந்த விதியின் கீழ் இரு பகுதியாரும் சென்றனர். பேச்சு முறிந்தது, சமரசம் முறிந்தது. ஜோர்ஜ் நிக்கலோ என்னும் அனுபவம் மிக்க மத்தியஸ்தர் முன்னிலையில் இரு பகுதியும் வாதாடின. 2007ஆம் ஆண்டு மே மாதத்திற் பட்டியல் வெளிவந்தது.

அவர் என்ன செய்தார்? கடல் கடக்கும் பெரிய விமானங்கள் மேற்குக் கம்பனியில் இல்லாதபடியால், கிழக்கின் மூத்த விமானிகள் ஏறத்தாழ 500 பேரைப் பட்டியலின் உச்சியில் வைத்தார். வீட்டில் இருந்த ஏறத்தாழ 1,700 பேரை அடியில் வைத்தார். இடையில் உள்ளோரை, அவரவர் தத்தம் பட்டியலில் வகித்த நிலைக்கேற்பக் கலந்து நிறுத்தினார். அதன் பயனாக, மிகப் பல ஆண்டு மூப்புடைய கிழக்கு விமானிக்கு அருகே, மேற்கில் அண்மையிற் சேர்ந்த ஓர் இளைஞர் நிற்கலானார்.

கிழக்கில் எழுந்த கொதிப்பை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். பேராசைக்காரரின் கூச்சலென்று அதைத் தள்ளிவிட முடியாது. வாழ்நாளிற் பாதியைக் கொடுத்தவர் அதற்குக் கிடைத்த கடைசிச் சான்றையும் இழந்ததாக உணர்ந்தார். அவருடைய துயரம் உண்மையானது.

ஆனால் துயரம் உண்மையானது என்பதனால், அதற்குத் தேடிய பரிகாரமும் சரியானதாகிவிடுமா? இங்கேதான், தோழர்களே, நாம் நின்று சிந்திக்க வேண்டியிருக்கிறது.

கிழக்கு விமானிகள் பெரும்பான்மையினர். அவர்கள் தமது தொகையை எண்ணிப் பார்த்தனர். "சங்கத்தின் விதி எங்களைக் கட்டுமானால், அந்தச் சங்கத்தையே மாற்றிவிடுவோம்" என்று தீர்மானித்தனர். புதிய சங்கம் ஒன்று அமைக்கப்பட்டது. சேர்ந்த தேதியே மூப்பின் அடிப்படை என்று அதன் யாப்பிலே எழுதப்பட்டது. 2008ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் புதிய சங்கம் வென்றது. பழைய சங்கம் வெளியேறியது. சட்டப்படி புதிய சங்கமே இப்பொழுது எல்லோருக்கும், மேற்கு விமானிகளுக்குங்கூட, ஒரே பிரதிநிதி. மத்தியஸ்தர் தீர்ப்போ மூலையிற் போடப்பட்டது.

வாக்குப் பெட்டி நிரம்பியது உண்மை. பெரும்பான்மை கிடைத்தது உண்மை. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. இரு பகுதியாரும் கையொப்பமிட்டு, "வென்றாலும் தோற்றாலும் ஏற்போம்" என்று சொல்லி மத்தியஸ்தர் முன் சென்ற பின்பு, தோல்வி கண்ட பகுதியார் தமது தொகையைக் காட்டி அதை அழிக்கலாமா? அப்படி அழிக்கலாமானால், சிறு தொகையினர் எந்த ஒப்பந்தத்தை நம்பிக் கூட்டணி சேர்வார்? பெரும்பான்மை எதைச் செய்யலாம் என்பதற்கு எல்லை இல்லாவிட்டால், ஒப்பந்தம் என்பது பெரும்பான்மைக்குப் பிடிக்கும் வரையிலான காகிதமாகிவிடும்.

மேற்கு விமானிகள் நீதிமன்றம் சென்றனர். பாரபட்சமின்றி எல்லா அங்கத்தவருக்காகவும் பேசும் கடமையைச் சங்கம் மீறிவிட்டது என்பது அவர்கள் முறைப்பாடு. 2009 மே மாதத்தில் அரிசோனாவில் யூரிமார் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தனர். 2010 ஜூனில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. மேற்கு விமானிகள் பக்கம் நியாயம் இல்லையென்று அது சொல்லவில்லை. கூட்டு ஒப்பந்தம் இன்னும் கைச்சாத்தாகாதபடியால் வழக்கு முதிரவில்லை என்றது. மீண்டும் வழக்கு, மீண்டும் ஆண்டுகள். ஈற்றில் 2015 ஜூனில் அதே மேன்முறையீட்டு நீதிமன்றம், சங்கம் தன் கடமையை மீறியதென்று தீர்த்தது. மத்தியஸ்தர் பட்டியல் வெளிவந்து அப்போது எட்டு ஆண்டுகள் கடந்துவிட்டன.

இந்த எட்டு ஆண்டுகளில் இலாபம் அடைந்தவர் யார்? இதுவே இக்கதையின் மையம்.

பட்டியல் தீராமல் கூட்டு ஒப்பந்தம் இல்லை. கூட்டு ஒப்பந்தம் இல்லாமற் புதிய சம்பளம் இல்லை. கம்பனியோ இரு பகுதி விமானிகளையும் வெவ்வேறாக வைத்துக்கொண்டு விமானங்களை ஓட்டியது. கிழக்கு விமானிகள் வங்குரோத்துக் காலத்தில் வெட்டப்பட்ட சம்பளத்திலேயே ஆண்டாண்டாகப் பறந்தனர். மேற்கு விமானிகள் இணைப்புக்கு முந்திய தமது பழைய ஒப்பந்தத்திலேயே பறந்தனர். ஒரே சீருடை, ஒரே கொடி, ஒரே பிரயாணச் சீட்டு. இரண்டு பட்டியல், இரண்டு சம்பளம். நிர்வாகம், "நாங்கள் நடுநிலை வகிக்கின்றோம், நீங்கள் முதலில் இணங்கி வாருங்கள்" என்றது. இருவர் அடித்துக்கொள்ளும்போது நடுவில் நிற்பவன் இருவருடைய மடிசீலையையும் தன் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தால், அந்த நடுநிலையின் பொருள் என்ன?

கிழக்கு விமானி மூப்பைக் காக்கப் போராடினார். அந்தப் போராட்டத்தின் விலையாக ஒவ்வொரு மாதமும் சம்பளத்தை இழந்தார். அவர்களில் வயது முதிர்ந்தவர் பலர், எந்த இலக்கத்துக்காகப் போராடினாரோ அந்த இலக்கத்தைக் காணாமலே இளைப்பாறிச் சென்றனர். 2013ஆம் ஆண்டு யூ. எஸ். எயார்வேஸ், அமெரிக்கன் எயார்லைன்ஸுடன் இணைந்தது. அவ்விணைப்பை ஒட்டிய உடன்படிக்கையினாலேயே இரு பகுதியாருக்கும் புதிய சம்பளம் கிட்டியது. மூப்புப் பிரச்சினை, நாம் முன் சொன்ன 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், மூவர் கொண்ட மத்தியஸ்த சபைக்குச் சென்றது. அங்கே மேற்கு விமானிகளுக்குத் தனிப் பிரதிநிதிகள் இருந்தனர். 2016 செப்டெம்பரில் மூன்று பகுதியாரையும் சேர்த்த ஒரே பட்டியல் வெளிவந்தது. 2005இல் தொடங்கிய தகராறு, மற்றொரு மத்தியஸ்தத்திலேயே முடிந்தது.

மத்தியஸ்தத்தை மறுத்தவர் பதினொராம் ஆண்டில் மத்தியஸ்தத்துக்கே வந்து சேர்ந்தார். இடையிற் போன ஆண்டுகளை யார் திருப்பிக் கொடுப்பார்?

இது தனியார் முதலாளித்துவத்தின் நோய். அரசாங்கக் கம்பனியில் நேராது என்று எண்ணுவோரும் உண்டு. அவர்கள் இந்தியாவைப் பார்க்கட்டும். 2007ஆம் ஆண்டு, கடல் கடந்து பறந்த எயார் இந்தியாவும் உள்நாட்டிற் பறந்த இந்தியன் எயார்லைன்ஸும் அரசாங்கத்தால் இணைக்கப்பட்டன. சம்பள விகிதமும் பதவி உயர்வும் இரு பகுதிக்கும் வெவ்வேறாகவே தொடர்ந்தன. 2011இல் பழைய இந்தியன் எயார்லைன்ஸ் விமானிகள் சம்பளச் சமத்துவம் கேட்டு வேலை நிறுத்தம் செய்தனர். 2012 மே மாதத்திற் பழைய எயார் இந்தியா விமானிகள், போயிங் 787 என்னும் புதிய விமானத்தின் பயிற்சியை மறு பகுதியாருக்கும் பங்கிடுவதை எதிர்த்து வேலை நிறுத்தம் செய்தனர். 58 நாட்கள் அது நீடித்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் வேலை நீக்கப்பட்டனர். ஓராண்டு ஒரு பகுதி, மறு ஆண்டு மறு பகுதி. இரு பகுதியும் ஒரே கோரிக்கையோடு ஒரே நாளில் நின்றிருந்தால் நிலைமை எவ்வாறு இருந்திருக்கும் என்பதைத் தொழிற்சங்கவாதிகளான உங்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

இணைப்பு என்றாலே சீரழிவுதான் என்று நாம் சொல்லவில்லை. 2008ஆம் ஆண்டு டெல்ரா, நோர்த்வெஸ்ட் என்னும் இரு பெருங் கம்பனிகள் இணைந்தன. அவற்றின் விமானிகளும் அந்தப் பழைய விமானிகள் சங்கத்தையே சேர்ந்தவர்கள். அங்கேயும் மூப்பில் இணக்கம் வரவில்லை. ஆனால் அவர்கள் ஒன்று செய்தனர். இணைப்பு நிறைவேறுவதற்கு முன்பே, ஆகஸ்ட் மாதத்திலேயே, இரு பகுதியாருக்கும் பொதுவான சம்பள ஒப்பந்தத்தை நிர்வாகத்திடமிருந்து பெற்றுக்கொண்டனர். ஒக்டோபரில் இணைப்பு முடிந்தது. டிசெம்பரில் மத்தியஸ்தர் பட்டியல் வந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி அளித்த பட்டியல் உலகத்தில் இல்லை. அவர்கள் அதை ஏற்றுக்கொண்டு பறந்தனர். ஒரே ஆண்டுக்குள் காரியம் முடிந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சேவைக் காலத்துக்குப் போதிய மதிப்பில்லை என்ற கிழக்கு விமானிகளின் முறைப்பாடு வீண்போகவில்லை. அந்தப் பழைய சங்கம் 2009இல் தன் இணைப்பு விதியைத் திருத்தி, சேவைக் காலத்தையும் மத்தியஸ்தர் கருதவேண்டிய அம்சங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. 2013இல் யுனைட்டெட், கொன்டினென்டல் கம்பனிகளின் விமானிகளுக்காக வெளிவந்த பட்டியலில், வகித்த பதவியோடு சேவைக் காலமும் கணக்கிற் கொள்ளப்பட்டது. ஆகவே, விதி குறைபாடுடையதென்றால் அதைத் திருத்த வழி இருந்தது. நாளை வருபவர்களுக்காக விதியைத் திருத்தலாம். இன்று தன் கையிற் கிடைத்த தீர்ப்பைக் கிழித்தெறிவது வேறு காரியம்.

தோழர்களே, இவ்வளவிலும் இருந்து நாம் எடுத்துச் செல்ல வேண்டியவை சில.

முதலாவது: அளவுகோலைத் தகராறுக்கு முன்னரே தீர்மானியுங்கள். தனக்கு எந்த இடம் கிடைக்கும் என்பது தெரியாத வேளையிலே மனிதன் நியாயத்தைப் பேசுவான். தன் இலக்கம் தெரிந்த பின்பு அந்த இலக்கத்துக்கேற்ற நியாயத்தையே பேசுவான். இணைப்பு என்ற பேச்சு எழுமுன்பே விதி எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது: சம்பளத்தையும் மூப்பையும் ஒரே முடிச்சிற் கட்டாதீர்கள். நிர்வாகத்தோடு பேசவேண்டியது சம்பளம். அதை இரு பகுதியும் ஒன்றாக நின்று முதலிற் பெறவேண்டும். நமக்குள்ளே பேசவேண்டியது மூப்பு. அதை அடுத்துத் தீர்க்கலாம். முடிச்சு ஒன்றானால், அதன் நுனி நிர்வாகத்தின் கையில் இருக்கும்.

மூன்றாவது: ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிச் சென்ற தீர்ப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். அது கசக்கும். கசந்தாலும், நாளை நீங்கள் சிறு தொகையினராக நிற்கும்போது உங்களைக் காக்கப் போவதும் அந்த வழக்கமே. தலைகளை எண்ணி நிர்வாக சபையைத் தெரிவுசெய்யலாம்; தலைகளை எண்ணி அயலவனுடைய உரிமையை அழிக்க முடியாது.

நான்காவது: நோயின் மூலத்தை மறவாதீர்கள். கிழக்கு விமானியின் இளைப்பாற்றுச் சம்பளத்தை மேற்கு விமானி பறிக்கவில்லை. மேற்கு விமானியின் சம்பளத்தைக் கிழக்கு விமானி வெட்டவில்லை. உழைத்த ஆண்டுகள் உழைத்தவனோடு செல்லாமல் கம்பனியோடு கட்டுண்டு கிடக்கும் ஏற்பாடே இருவரையும் எதிரெதிரே நிறுத்தியது. அந்த ஏற்பாட்டைத் தொடாமல், பக்கத்தில் நிற்பவனுடைய இலக்கத்தைப் பறிக்கப் புறப்பட்டதே பதினொரு ஆண்டு இழப்புக்குக் காரணம்.

நாளை உங்கள் தொழிற்சாலையும் அயல் தொழிற்சாலையும் இணையலாம். உங்கள் திணைக்களமும் வேறொரு திணைக்களமும் ஒன்றாகலாம். அன்று புதிய தோழர்கள் வாயிலில் வந்து நிற்பார்கள். உங்களில் ஒருவர், "இவர்கள் எங்களுக்குப் பின்னாலே" என்று சொல்ல எழுவார். மற்றொருவர், "நாங்கள் தொகையிற் கூடியவர்கள்" என்று சொல்ல எழுவார். அந்த இருவரையும் அமரச் செய்து, "விதி என்ன? அதை இரு பகுதியும் ஏற்றதா? ஏற்றதானால் அதன்படி நடப்போம்" என்று எழுந்து சொல்ல உங்களில் ஒருவராவது இருக்க வேண்டும். அவரை உருவாக்குவதற்காகவே இத்தகைய வகுப்புகளை நாம் நடத்துகின்றோம்.